மனசைத் திறங்க, ஆனா கொஞ்சம் கொஞ்சமா

ஒருவரைப் பிடித்துப்போய்ப் பேச ஆரம்பித்ததும் பழைய காதல், வீட்டுச் சண்டை, கடன் என எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிடாதீர்கள், கேட்பவருக்கு அது பாரமாகத்தான் இருக்கும். அதற்காக வாயே திறக்காமல் இருந்தாலும் ஈர்ப்பு வளராது. உளவியலாளர் ஆர்தர் ஆரன் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவர் 36 கேள்விகளுக்கு மாறி மாறிப் பதில் சொன்னார்கள். லேசாகத் தொடங்கிப் போகப்போக ஆழமாகும் கேள்விகள், 45 நிமிடம்தான், சும்மா அரட்டை அடித்த ஜோடிகளைவிட இவர்களுக்குள் நெருக்கம் கூடியிருந்தது (காதல் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை). நீங்கள் ஒன்று சொன்னதும் ‘உங்களுக்கு எப்படி?’ என்று கேட்டு, அவர் முடிக்கும்வரை பொறுங்கள். ஒற்றை வார்த்தையில் பதில் வருகிறதா, சரி, அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். அப்புறம் பாஸ்வேர்டு, அந்தரங்கப் படம் எல்லாம் இந்தக் கணக்கிலேயே சேராது, எவ்வளவு பிடித்திருந்தாலும் கொடுக்காதீர்கள்.