பழைய விண்டோஸ் 98 கணினியில் பென் டிரைவை இயங்க வைப்பது எப்படி?

தக்கலையில் பெரியப்பா நடத்திவந்த டிடிபி கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கடையிலிருந்த மேசையும் நாற்காலியும் எங்கெங்கோ போய்விட்டன. கணினி மட்டும் வீட்டு மாடியில் சாக்கு போர்த்தியபடி இருந்தது. ஒரு நாள் பெரியம்மா என்னை அழைத்து, "மக்களே, பெரியப்பா அடித்த கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் இதற்குள்தான் கிடக்கும். எடுத்துத் தந்துவிட்டாயானால் பெட்டியை ஆக்கர் கடைக்குக் கொடுத்துவிடலாம்" என்றார். பழைய சாமான் வாங்கும் கடையைத்தான் எங்கள் ஊரில் ஆக்கர் கடை என்போம்.

பெட்டியைத் துடைத்து மின்சாரம் கொடுத்தேன். விண்டோஸ் 98 ஒழுங்காகத் திறந்தது. ஃபிளாப்பி டிரைவ் பூசணம் பிடித்துப் போயிருந்தது. சிடி டிரைவ் படிக்கும், எழுதாது. மிச்சமிருந்த ஒரே வழி பின்புறமுள்ள யூஎஸ்பி துளைதான். பென் டிரைவைச் செருகியதும் திரையில் ஏதோ வட்டு கேட்டு ஒரு பெட்டி வந்தது. அதற்குமேல் நகரவில்லை. நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டியபோது, மதர்போர்டு போய்விட்டது, வேறு வாங்குங்கள் என்றார்கள். மதர்போர்டில் ஒரு குறையும் இல்லை. கணினிக்குத் தேவைப்பட்டது ஒரு சிறிய டிரைவர் மட்டுமே. இந்த ஒரு காரணத்துக்காக எத்தனை அச்சகங்களிலும் பள்ளி அலுவலகங்களிலும் ரப்பர் ஷீட் கடைகளிலும் நல்ல கணினிகளை உள்ளிருந்த கணக்கோடு சேர்த்துத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அதனால்தான் கணினியில் முன்அனுபவம் இல்லாதவருக்கும் புரியும்படி இதை எழுதுகிறேன்.

ஏன் இந்தத் தொல்லை?

கணினியோடு இணைக்கும் ஒவ்வொரு கருவியிடமும் எப்படிப் பேச வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறு நிரல்தான் டிரைவர். விண்டோஸ் 98 வந்தது 1998-இல். அதன் இரண்டாம் பதிப்பு 1999-இல் வந்தது. பென் டிரைவ் கடைக்கு வந்ததோ 2000-ஆம் ஆண்டில். தனக்குப் பின்னால் பிறந்த கருவியைப் பற்றி விண்டோஸ் 98-க்கு எதுவும் தெரியாது. யூஎஸ்பி துளை உண்டு, அதில் மவுஸ் வேலை செய்யும், ஆனால் பென் டிரைவ் வேலை செய்யாது. விண்டோஸ் எம்ஈ, 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் இந்த டிரைவர் உள்ளேயே இருக்கிறது. அவற்றில் பென் டிரைவ் தெரியவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

ஆகவே முதலில் உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். திரையில் மை கம்ப்யூட்டர் சின்னத்தின் மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 4.10.2222 ஏ என்று இருந்தால் அது விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு. இந்தச் செய்முறை அதற்கு உரியது. 4.10.1998 என்று இருந்தால் அது முதல் பதிப்பு. அதில் கீழே சொல்லும் டிரைவரைப் போட வேண்டாம்.

தொடங்கும் முன் துளையைப் பாருங்கள்

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். உப்புக் காற்று உலோகத்தைச் சும்மா விடாது. யூஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உள்ள நான்கு பித்தளை நிறப் பட்டைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால், எந்த டிரைவரைப் போட்டாலும் பயன் இருக்காது. மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். முழுதும் காய்ந்த பிறகே மறுபடியும் மின்சாரம் கொடுங்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

அடுத்து பயாஸ். விண்டோஸ் திறப்பதற்கு முன்பே ஓடி, கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கவனிக்கும் நிரல் அது. கணினியைப் போட்டவுடன் டெலீட் விசையைத் தொடர்ந்து தட்டினால் பெரும்பாலான பழைய கணினிகளில் நீல நிறப் பட்டியல் ஒன்று திறக்கும். அதில் யூஎஸ்பி கண்ட்ரோலர் என்ற வரி எனேபிள்டு என்று இருக்க வேண்டும். பக்கத்திலேயே யூஎஸ்பி கீபோர்டு சப்போர்ட் என்று இன்னொரு வரி இருக்கும். அது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். கணினியை ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பின்னோக்கிப் போகிறதா? மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். நீங்கள் பயாஸில் செய்யும் மாற்றமும் தங்காது. சிஆர்2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். முதலில் அதை மாற்றுங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஐப்பசியில் பிற்பகல் இடி இறங்கத் தொடங்கினால் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். டிரைவர் பதியும் நேரத்தில் மின்சாரம் போனால் விண்டோஸே திறக்காமல் போகலாம். யூபிஎஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காலையில் வானம் தெளிவாக இருக்கும்போது உட்காருங்கள்.

பென் டிரைவைத் தயார் செய்தல்

இருப்பதிலேயே சிறியதை எடுங்கள். 2 ஜிபி அல்லது 4 ஜிபி போதும். புதிய கணினி ஒன்றில் செருகி ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 என்பது வட்டில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைகளில் ஒன்று. இப்போது விற்கும் 64 ஜிபி பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. அந்த எக்ஸ்ஃபேட்டையும் என்டிஎஃப்எஸ்ஸையும் விண்டோஸ் 98 படிக்காது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் காலியானதையே பயன்படுத்துங்கள்.

டிரைவரைப் பழைய கணினிக்குக் கொண்டுபோதல்

அந்தக் காலத்தில் வாங்கிய பென் டிரைவ் என்றால் கூடவே ஒரு குட்டி சிடி வந்திருக்கும். அது கைவசம் இருந்தால் அதிலுள்ள விண்டோஸ் 98 டிரைவரே முதல் தேர்வு. ஆனால் அது அந்த ஒரு பென் டிரைவுக்கு மட்டும்தான் உதவும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஆர்வலர்கள் தொகுத்த ஒரு டிரைவர் இருக்கிறது. அதன் பெயர் என்யூஎஸ்பி. என், யூ, எஸ், பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து, விண்டோஸ் 98 என்பதோடு தேடினால் கிடைக்கும். 3.3, 3.6 ஆகிய பதிப்புகள் பரவலாகப் பயன்பட்டவை. ஃபைல் பெயரில் பதிப்பு எண்ணுக்குப் பின் ஈ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ஆங்கில விண்டோஸுக்கு உரியது. இது மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதல்ல. ஆகவே இறக்கியதும் புதிய கணினியிலேயே வைரஸ் சோதனை செய்துவிடுங்கள்.

பென் டிரைவ் வேலை செய்யாத கணினிக்கு அந்த ஃபைலை எப்படிக் கொண்டுபோவது? சிடியில் எழுதிக் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சிடி-ஆர் வாங்கிக் குறைந்த வேகத்தில் எழுதுங்கள். மறுபடி மறுபடி எழுதும் சிடியைச் சில பழைய டிரைவ்கள் படிப்பதில்லை. ஃபிளாப்பி நல்ல நிலையில் இருந்து, ஃபைலும் 1.44 எம்பிக்குள் அடங்கினால் அதுவும் ஆகும்.

சிடியிலிருந்து நேராக ஓட்டாதீர்கள். சி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் நகலெடுத்து வையுங்கள். கூடவே, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஆப்ஷன்ஸ், அதற்குள் கேப்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பல கணினிகளில் விண்டோஸ் 98 சிடியின் உள்ளடக்கத்தை விற்றவர்களே அங்கே போட்டுவைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் 98 சிடியைத் தேடி எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய அரைகுறைப் பதிவுகளை நீக்குதல்

பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். நானும் முதல் முறை இதைச் செய்யாமல் நேரே டிரைவரைப் போட்டு ஒரு மாலைப்பொழுதை இழந்தேன். டிரைவர் இல்லாத நேரத்தில் நீங்கள் செருகிப் பார்த்த ஒவ்வொரு கருவியையும் விண்டோஸ் 98 'தெரியாத கருவி' என்று பதிந்து வைத்திருக்கும். பிறகு சரியான டிரைவரைக் கொடுத்தாலும் பழைய பதிவையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

பென் டிரைவைக் கழற்றிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் படம் வருவதற்கு முன் எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் சேஃப் மோடைத் தேர்ந்தெடுங்கள். மிக அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் நிலை அது. திரை பெரிய எழுத்துகளோடு மங்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். சிடி டிரைவும் பெரும்பாலும் அப்போது தெரியாது. ஃபைலைச் சி டிரைவில் வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

மை கம்ப்யூட்டரின் ப்ராப்பர்ட்டீஸில் டிவைஸ் மேனேஜர் என்ற தாவலைத் திறங்கள். அதர் டிவைசஸ் என்பதன் கீழ் கேள்விக்குறியோடு இருப்பவை, அன்னோன் டிவைஸ் என்று இருப்பவை, முன்பு போட்ட பென் டிரைவ் டிரைவர்கள், பின்னாளில் யூஎஸ்பி 2.0 அட்டை பொருத்தியிருந்தால் அதன் பதிவு ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ரிமூவ் கொடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் கண்ட்ரோலர், டிஸ்ப்ளே அடாப்டர் இரண்டின் பக்கமே போகாதீர்கள். கை நடுங்குகிறது என்றால், நீக்குவதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிதல்

இப்போது வழக்கம்போல் மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் சில கருவிகளைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லி விண்டோஸ் 98 சிடியைக் கேட்கலாம். சிடியைப் போடுங்கள், அல்லது பிரௌஸ் அழுத்தி முன்பு பார்த்த கேப்ஸ் ஃபோல்டரைக் காட்டுங்கள். எதுவும் கேட்காவிட்டாலும் நல்லதே. யூஎஸ்பி 2.0 அட்டை இருப்பவர்கள், அதற்கான டிரைவரைக் கேட்டால் இப்போதைக்கு கேன்சல் கொடுத்துவிட்டு, கடைசி மறுதொடக்கத்துக்குப் பிறகு பதியுங்கள்.

திரை அமைதியானதும் என்யூஎஸ்பி ஃபைலை இருமுறை கிளிக் செய்யுங்கள். சம்மதம் கேட்கும், கொடுங்கள். இடையில் 'நகலெடுக்கும் ஃபைல், கணினியில் இருப்பதைவிடப் பழையது. இருப்பதையே வைத்துக்கொள்ளவா?' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தால் யெஸ் என்று சொல்லுங்கள். நோ என்றால் புதிய ஃபைலின்மேல் பழைய ஃபைல் ஏறிவிடும். முடிந்ததும் மறுதொடக்கம் செய்யச் சொல்லும். செய்யுங்கள்.

கணினி முழுதாகத் திறந்து, ஹார்ட் டிஸ்க் விளக்கின் சிமிட்டல் ஓய்ந்த பிறகு பென் டிரைவைச் செருகுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று சிறு பெட்டிகள் வந்து மறையும். இது ஒருமுறை மட்டும்தான். பொறுமையாக இருங்கள், இடையில் உருவாதீர்கள். மை கம்ப்யூட்டரைத் திறந்தால் ரிமூவபிள் டிஸ்க் என்று புதிய எழுத்தோடு ஒன்று நிற்கும். சிடி டிரைவின் எழுத்து மாறியிருந்தால் கவலை வேண்டாம்.

தெரியவில்லையா? மற்ற யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். பிறகு வேறொரு பென் டிரைவ். அதற்கும் பிறகுதான் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி தேடி, மேலே சொன்ன நீக்கும் வேலையை மறுபடி செய்ய வேண்டும். பென் டிரைவுக்குப் பதில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியிருந்தால், யூஎஸ்பி துளை தரும் 500 மில்லி ஆம்பியர் அதற்குப் போதாமல் இருக்கலாம். தனி அடாப்டர் உள்ளதாகப் பாருங்கள்.

நகலெடுக்கும்போது

பழைய துளைகள் யூஎஸ்பி 1.1 வகை. ஏட்டளவில் விநாடிக்கு 12 மெகாபிட். நடைமுறையில் விநாடிக்கு ஒரு எம்பி கிடைத்தால் அதிகம். ஒரு ஜிபி போக இருபது நிமிடம் ஆகலாம். ஃபோல்டர் ஃபோல்டராகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

அச்சுத்தொழிலில் இருந்தவர்கள் மறக்கக்கூடாத ஒன்று எழுத்துரு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றதே 2010-இல்தான். அதற்கு முந்தைய, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் நிரலின் ஃபைல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தனி எழுத்துருவை நம்பி இருப்பவை. ஃபைலை மட்டும் எடுத்துப்போய்ப் புதிய கணினியில் திறந்தால், மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். ஆகவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் முழுதாக நகலெடுங்கள். படங்கள் வேறு ஃபோல்டரில் இருந்தால் அவற்றையும் எடுங்கள். பெரியப்பாவின் கணினியில் தமிழ் எழுத்துருக்களோடு மலையாள எழுத்துருக்களும் இருந்தன. எல்லைப்புறக் கடை, இரண்டு மொழியிலும் அழைப்பிதழ் அடித்திருக்கிறார்.

நகலெடுத்து முடிந்ததும் பென் டிரைவின் விளக்கு சிமிட்டுவது நிற்கட்டும். கடிகாரத்தின் அருகே வன்பொருளை நீக்கும் சின்னம் இருந்தால் அதன் வழியாக நிறுத்தி, பிறகு உருவுங்கள். புதிய கணினியில் செருகியதும் முதலில் வைரஸ் சோதனை, அதன் பிறகு ஃபைலைத் திறங்கள். இந்தப் பழைய கணினியை மட்டும் இணையத்தில் இணைக்காதீர்கள். விண்டோஸ் 98-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2006 ஜூலையோடு நின்றுவிட்டன.

எடுத்தவற்றில் நாலைந்தையாவது புதிய கணினியில் திறந்து, எழுத்து சரியாக வருகிறதா என்று கண்ணால் பார்க்கும்வரை பழைய கணினியில் எதையும் அழிக்காதீர்கள். ஆக்கர் கடைக்குப் போடுவதாக இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வாடிக்கையாளர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. நான்கு திருகு கழற்றினால் கையோடு வந்துவிடும்.