ஆவணியில் கோடியக்கரை: வலசை வரும் கரையோரப் பறவைகளைப் பார்க்கும் முறை

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் மார்கழி, தை மாதங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். பூநாரைகளைக் காண அது நல்ல காலந்தான். ஆனால் உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், கோட்டான் (ஆந்தையன்று, நீண்டு வளைந்த அலகுடைய கரைப்பறவை), பச்சைக்காலி என்று பல பெயர்களில் வழங்கும் கரையோரப் பறவைகளை இனம் பிரித்து அறிய விரும்புகிறவர், ஆடிக் கடைசிக்கும் ஐப்பசி மழைக்கும் இடைப்பட்ட நாட்களில் ஒரு முறையேனும் அங்கே சென்றுவர வேண்டும். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளிகளிலும், மங்கோலியாவிலும், திபெத், லடாக் மேட்டு நிலங்களிலும் குஞ்சு பொரித்த பறவைகள் ஆகஸ்டு மாதத்திலேயே நம் கரையை எட்டத் தொடங்கிவிடுகின்றன. அப்போது அவற்றின் உடலில் இனப்பெருக்கக் காலத்து நிறம் முழுவதும் மறைந்திருக்காது. தை மாதத்தில் பார்த்தால் பெரும்பாலானவை சாம்பலும் வெள்ளையுமாக ஒன்றுபோலவே தோன்றும். ஆவணியில் தெரியும் இந்த நிற மிச்சம், கற்கத் தொடங்குபவருக்குப் பெரிய உதவி.

எந்த இனம் என்பதோடு எந்த வயதுப் பறவை என்பதையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவதுதான் இந்தப் பருவத்தின் சிறப்பான பாடம் என்பது என் எண்ணம். வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். சுமார் 60 கிராம் எடையுள்ள இப்பறவை, டைமிர் தீபகற்பம் உள்ளிட்ட வடசைபீரியப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, 7,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து நம்மிடம் வருகிறது. அடைகாப்பதில் ஆண் பறவைக்குப் பங்கில்லை என்பதால் ஆண்கள் ஜூலைத் தொடக்கத்திலேயே கிளம்பிவிடுகின்றன. குஞ்சுகள் தம் இரையைத் தாமே தேடிக்கொள்ளும் நிலை வந்ததும் பெண் பறவைகள் கிளம்புகின்றன. அந்த ஆண்டுக் குஞ்சுகளோ, வழிகாட்டத் தாயும் தந்தையும் உடன் இல்லாமல், பிறவியிலேயே வாய்த்த திசையறிவை மட்டும் நம்பிக் கடைசியாகப் புறப்படுகின்றன. ஆகவே ஆகஸ்டில் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகளோடு நிற்பவை முதிர்ந்த பறவைகள். செப்டம்பரில் அவற்றோடு வந்து சேரும் இளம் பறவைகளின் மார்பில் இளம் மஞ்சள்பழுப்புச் சாயலும், முதுகில் ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் வெளிறிய கோடும் இருக்கும். இறக்கையையும் கவனியுங்கள். முதிர்ந்தவை இங்கு வந்து சேர்ந்ததும் பறப்பிறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடுவதால் பறக்கும்போது இறக்கையில் இடைவெளி தெரியும். இளம் பறவைகளின் இறகுகள் எல்லாம் புதிதாக, முழுமையாக இருக்கும்.

ஆகஸ்டில் நிறமே ஏறாத வெளிறிய பறவைகள் சிலவற்றையும் காணலாம். அவை சென்ற ஆண்டு வந்து, வடக்கே திரும்பிச் செல்லாமல் கோடையையும் இங்கேயே கழித்தவையாக இருக்கக்கூடும். அவற்றைப் புதுவரவு என்று குறித்துவிடக் கூடாது.

இடமும் அனுமதியும்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு வழியாகச் செல்லும் சாலையின் முடிவில் கோடியக்கரை இருக்கிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுவரை நீளும் உப்புச் சதுப்பு என்று மூன்று வகை நீர்ப்பரப்புகள் இங்கே சந்திக்கின்றன. வெளிமான்களுக்காக 1967-இல் சரணாலயமான இந்நிலம் 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சரணாலயத்துக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. சதுப்பின் உட்பகுதிக்குப் போக விரும்பினால் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு செல்வதே முறை. சதுப்பின் மேல் காய்ந்த உப்புப் படலம் கெட்டியான தரைபோலத் தோன்றினாலும் அதன் கீழே முழங்கால் புதையும் சேறு இருக்கக்கூடும் என்பதால், வரப்பையும் வண்டித் தடத்தையும் விட்டு இறங்காதீர்கள். நிழலும் குடிநீரும் கிடைக்காத வெளி அது. தொப்பியும், நினைப்பதைவிட இரு மடங்கு தண்ணீரும் வேண்டும்.

சாலையை ஒட்டிய உப்பளங்களைக் கடந்து விரைந்து போய்விடுகிறவர்கள் உண்டு, அது இழப்பு. உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் பறவை குறைவுதான். ஆனால் கடல்நீரை முதலில் தேக்கி வைக்கும் பெரிய பாத்திகளில் உப்பின் செறிவு குறைவு, புழுவும் பூச்சியும் மிகுதி, அதனால் பறவைகளும் மிகுதி. உப்பளங்கள் மற்றவர்களின் தொழிலிடம் என்பதால் அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டுக்கொண்டே வரப்பில் ஏற வேண்டும். எந்தப் பாத்தியில் இன்று தண்ணீர் பாய்ந்தது, எது வற்றுகிறது என்று அவர்கள் சொல்வது எந்தக் கையேட்டிலும் கிடைக்காத தகவல்.

நீர், காற்று, வெளிச்சம்

ஐரோப்பியக் கையேடுகள் கடலின் ஏற்றவற்ற அட்டவணையை வைத்தே நாளைத் திட்டமிடச் சொல்லும். இங்கிலாந்தின் வாஷ் வளைகுடா போன்ற இடங்களில் நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்குவதால், ஏற்றத்தின்போது பறவைகள் எல்லாம் ஒரே இடத்தில் ஒதுங்குகின்றன. நம் கரையிலோ ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது சற்றுக் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கழுத்தளவு ஆழமில்லாத, பரந்த, தட்டையான சதுப்பில் காற்றுதான் முக்கியம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வலுவாக வீசும் நாட்களில் நீர் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கத்தில் ஈரச் சேறு வெளிப்படும். பறவைகள் அந்தச் சேற்றின் விளிம்பைத் தொடர்ந்து நகரும். நேற்றுப் பறவை நிறைந்திருந்த இடம் இன்று வெறுமையாக இருந்தால், காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, விடிந்ததும் கிழக்குக் கடற்கரையில் நின்று கடலை நோக்கினால் பறவைகள் வெறும் கரிய உருவங்களாகவே தெரியும். காலையில் சதுப்புக்கும் உப்பளத்துக்கும் கிழக்கே நின்று மேற்கு நோக்கிப் பார்ப்பதும், மாலையில் கடற்கரைக்குச் செல்வதும் நல்லது. ஒன்பது, ஒன்பதரை மணிக்கு மேல் உப்புத் தரையிலிருந்து எழும் வெப்பத்தில் காற்றே நெளியத் தொடங்கிவிடும். முக்காலியில் பொருத்திப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், விலை உயர்ந்ததாக இருந்தாலும், அதில் கால் நிறம் தெரியாது. அந்த நேரத்தில் இனம் காண முயல்வதைவிடக் குறிப்பேட்டைச் சரிசெய்யலாம்.

8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்ட) பைனாக்குலர் ஒன்று கட்டாயம் வேண்டும். தொலைவில் மேயும் கூட்டங்களுக்கு 20 முதல் 60 மடங்குவரை பெரிதாக்கும் ஸ்கோப்பும், காற்றில் ஆடாத கனமான முக்காலியும் இருந்தால் நல்லது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் பைனாக்குலரையே வாங்குங்கள். ஸ்கோப் வைத்திருப்பவரோடு சேர்ந்து செல்லலாம்.

அணுகுவதும் பார்ப்பதும்

பறவையை நோக்கி நேராக நடக்காதீர்கள். தலை நிமிர்த்துவது, மேய்வதை நிறுத்துவது, இரண்டு அடி நகர்வது, குரல் கொடுப்பது என்ற வரிசையில் அவை தம் அச்சத்தைக் காட்டும். முதல் அறிகுறியிலேயே நின்றுவிட வேண்டும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து உடற்கொழுப்பு கரைந்த நிலையில் வந்திறங்கியிருக்கும் பறவையை ஒரு படத்துக்காக மீண்டும் மீண்டும் எழுப்பிவிடுவது அதன் இரையைப் பறிப்பதற்குச் சமம். வரப்பில் தாழ உட்கார்ந்து, அசையாமல் அரை மணி நேரம் காத்திருங்கள். மேய்ந்துகொண்டே அவையே அருகில் வரும். அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான், வளைமூக்கு உள்ளான் வயிறு நனைய நின்று, கண்வரை முகத்தை நீருக்குள் அமிழ்த்தி, தையல் இயந்திரத்தின் ஊசிபோல விடாமல் குத்துவதையும், நடுவே ஒரு கணம் நிமிர்ந்து அலகின் நுனியில் நெளியும் செம்புழுவை விழுங்குவதையும் தெளிவாகக் காண முடியும்.

இனம் பிரிக்கத் தொடங்கும்போது நிறத்தை விட்டுவிட்டு ஆழத்திலிருந்து தொடங்குவது நல்ல வழி. நீரின் ஆழமான பகுதியில் நெடுங்கால் உள்ளான். அடுத்து நீண்ட நேரான அலகை அடிவரை செலுத்தும் கருவால் மூக்கன். பிறகு பச்சைக்காலியும் பவளக்காலியும். வயிறளவு நீரில் வளைமூக்கு உள்ளான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீரிலும் அதன் விளிம்பிலும் கொசு உள்ளான். நீர் விலகிய ஈரச் சேற்றில் உப்புக்கொத்திகள். எப்போதும் இந்த வரிசை மாறாது என்று சொல்ல முடியாது என்றாலும், ஆயிரம் பறவைகள் கலந்து நிற்கும் இடத்தில் எங்கிருந்து தொடங்குவது என்ற திகைப்பை இது போக்கிவிடும். ஐப்பசி மழையில் நீர் ஏறியதும் சிறிய பறவைகள் ஆழம் குறைந்த இடம் தேடி நகர்ந்துவிடுவதற்கும் இதுவே காரணம்.

அடுத்து மேயும் முறை. உப்புக்கொத்திகளுக்குப் பெரிய கண், குட்டை அலகு. அவை ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து கொத்தும், மீண்டும் ஓடும். உள்ளான்கள் தலை குனிந்தபடி அலகால் சேற்றைத் துழாவிக்கொண்டே போகும். சற்றே மேல்நோக்கிய அலகுடைய பச்சைக்காலி ஆழமற்ற நீரில் சிறு மீன்களைத் துரத்தி ஓடும். கல்திருப்பி உள்ளான் கரையொதுங்கிய பாசியையும் சிப்பியையும் புரட்டிப் பார்க்கும். இவை தொலைவிலிருந்தே தெரியும். நிறம் தெரியாத வெளிச்சத்திலும் தெரியும்.

குழப்பும் இணைகள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சாம்பல் உப்புக்கொத்தியும் பொன்னிற உப்புக்கொத்தியும் செப்டம்பரில், அதிலும் இளம் பறவைகளாக இருக்கும்போது, நன்றாகவே ஏமாற்றும். சாம்பல் உப்புக்கொத்தி இறக்கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கும்வரை பொறுத்திருங்கள்: வெண்மையான அடிப்புறத்தில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில், மையால் தீட்டியதுபோல ஒரு கரிய திட்டுத் தெரியும். பொன்னிற உப்புக்கொத்திக்கு அது கிடையாது. பறக்கும்போது பிட்டத்தில் வெண்மையும் இருக்காது. பவளக்காலி பறந்தால் இறக்கையின் பின்னோரம் அகன்ற வெள்ளைப் பட்டையாக விரியும். ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். இரண்டு கோட்டான்களில் தலையில் கோடுகளும் ஒப்பளவில் குட்டையான அலகும் உள்ளது சிறியது. ஒரே சுருதியில் ஏழெட்டு முறை விரைவாகச் சீழ்க்கையடிக்கும் அதன் குரல் கண்ணுக்கு எட்டாத தொலைவிலிருந்தும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

சிறு உப்புக்கொத்திகளில் பின்கழுத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளை வளையம் இல்லாமல், மார்பில் மங்கிய ஆரஞ்சுப் பட்டையின் மிச்சம் இருந்தால் அது மணல் உப்புக்கொத்தி வகை. அண்மையில் திபெத்தியம், சைபீரியம் என்று இரண்டு இனங்களாகப் பிரிக்கப்பட்டவற்றில் தென்னிந்தியக் கரைகளுக்குப் பெரும்பாலும் வருவது திபெத்தியம். வெள்ளை வளையமும், மார்பின் நடுவில் இணையாத பட்டையும் இருந்தால் கெண்டிஷ் உப்புக்கொத்தியாகவோ, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் தங்கிக் கூடு கட்டுவதும் 2023 முதல் தனி இனமாகக் கருதப்படுவதுமான ஹனுமன் உப்புக்கொத்தியாகவோ இருக்கலாம்.

கொசு உள்ளான்களைக் கூட்டமாகப் பார்த்து எண்ணிக்கை எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றின் அலகையும் பாருங்கள். இன்று உலகில் சில நூறு மட்டுமே எஞ்சியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் ஒரு காலத்தில் கோடியக்கரையில் இந்தக் கூட்டங்களுக்கு நடுவே பதிவான பறவை.

பதிவும் வளையமும்

தேதி, நேரம், காற்றின் திசை, நீரின் நிலை, இனம், எண்ணிக்கை, முடிந்தால் முதிர்ந்தவை எத்தனை, இளையவை எத்தனை என்று இடத்திலேயே எழுதுங்கள். பெரிய கூட்டத்தில் முதலில் ஐம்பதை ஒவ்வொன்றாக எண்ணி, அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொண்டு, அந்த அளவால் மொத்தக் கூட்டத்தையும் அளந்தால் ஏறத்தாழச் சரியான எண்ணிக்கை கிடைக்கும். பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் (eBird) செயலியில் பதிந்துவைத்தால் அது மற்றவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். வயதைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் குறைவு. ஓர் ஆண்டில் இளம் பறவைகள் மிகக் குறைவாக வந்திருந்தால், அந்தக் கோடையில் வடக்கே குஞ்சுகள் பிழைக்கவில்லை என்று ஊகிக்க இடமுண்டு என்பதால், அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

சலீம் அலியின் தலைமையில் 1959-இல் தொடங்கிய வலசை ஆய்வின் தொடர்ச்சியாக, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி வந்திருக்கிறது. ஆகவே எந்தப் பறவையையும் கால்வரை பார்க்காமல் விடாதீர்கள். உலோக வளையத்தின் எண்ணைத் தொலைவிலிருந்து படிப்பது அரிது. காலில் மாட்டிய சிறு வண்ணப் பட்டையான வண்ணக் கொடி இருந்தால் அது எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, இரண்டு கொடி என்றால் எந்த நிறம் மேலே எந்த நிறம் கீழே, எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று உடனே குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு நிற வரிசையைக் கையாள்வதால், மேல் கீழ் மாறினால் பறவையின் நாடே மாறிவிடும். வலது, இடது என்பது பறவையின் வலது, இடதுதானே தவிர நாம் பார்க்கும் பக்கம் அன்று. இந்தக் குறிப்போடு, பார்த்த இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கழகத்துக்கு எழுதுங்கள். படம் எடுத்திருந்தால், கால் மட்டும் தெரியும்படி வெட்டிவிடாமல் முழுப் படத்தையும் அனுப்புங்கள்.