லண்டன் போகிற பிள்ளைகளுக்கு: வீட்டுப் புரோக்கருக்குக் காசு கொடுக்கும் முன்

போன மாதம் டிக்கோயாவிலிருந்து ஒரு அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் சின்னப் பர்ஸ். அதற்குள் கடதாசியில் சுற்றிய ஒரு சோடித் தோடு. மகன் லண்டனுக்குப் படிக்கப் போய்ப் பத்து நாள்தான். அறை பிடித்துக் கொடுத்த புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுக்க வேண்டுமாம், இன்றைக்கே அனுப்பச் சொல்கிறானாம். "ஹட்டன்ல எந்தக் கடையில கொஞ்சம் கூடப் போட்டுத் தருவாங்க?" என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

"அடகு வைக்காதீங்கக்கா. முதல்ல தம்பிகிட்ட ஒண்ணு கேப்போம்" என்றேன்.

கேட்க வேண்டியது இதுதான்: அந்தப் புரோக்கர் யாருடைய ஆள்? வீட்டுக்காரரின் ஆளா, நம்முடைய ஆளா?

நம் இலங்கைப் பக்கத்தில் இப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. கண்டியில் போடிங் தேடினாலும், நுவரெலியாவில் வீடு தேடினாலும், காட்டிக் கொடுத்தவர் கையில் ஏதாவது வைப்பதை மரியாதை என்றே நினைக்கிறோம். அதே நினைப்போடு போய் இறங்கும் பிள்ளை, அங்கே கேட்டவுடன் கொடுத்துவிடுகிறது. நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் வாடகைக்கு இருப்பவரிடம் புரோக்கர் கட்டணம் வாங்குவது சட்டப்படி தடை. அதற்கு முன் செய்துகொண்ட பழைய ஒப்பந்தங்களும் 2020 ஜூன் 1 முதல் இந்தச் சட்டத்துக்குள் (Tenant Fees Act 2019) வந்துவிட்டன. ஏன் கொண்டுவந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் பேசும்போது தைரியம் வரும். ஏஜென்டை, அதாவது இந்தப் புரோக்கரை, தேர்ந்தெடுப்பவர் வீட்டுக்காரர். வீடு வேண்டுமென்றால் அந்த ஏஜென்டிடம்தான் நாம் போயாக வேண்டும், வேறு ஆளிடம் பேரம் பேச வழியில்லை. அதனால் அவர்கள் போட்டதுதான் கணக்கு என்றிருந்தது. 2016 நவம்பரில் அப்போதைய நிதியமைச்சர் பிலிப் ஹேமண்ட் தடையை அறிவித்தார். நடைமுறைக்கு வர இரண்டரை வருடம் போனது.

வீடு காட்டுவதற்கு, பின்னணி விசாரிப்பதற்கு, ஒப்பந்தம் எழுதுவதற்கு, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு, சாமான் பட்டியல் போடுவதற்கு, நீங்கள் போகும்போது வீடு கழுவுவதற்கு என்று எந்தப் பெயரிலும் கட்டணம் கேட்கக் கூடாது. முதலில் கேட்கக்கூடியவை மூன்றுதான்: வாடகை, வீட்டைப் பிடித்துவைக்கும் முன்பணம், திருப்பித் தரவேண்டிய டெபாசிட். கரண்ட், தண்ணீர், கவுன்சில் வரி (ஊர்ச் சபைக்குக் கட்டும் வரி) போன்றவை ஒப்பந்தத்தில் உள்ளபடி. சாவியைத் தொலைத்தால் அதன் நியாயமான செலவு.

டெபாசிட் கணக்கை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்க முடியாது. (வருட வாடகை 50,000 பவுண் அல்லது அதற்கு மேல் என்றால் ஆறு வாரம், அது நமக்கு வேண்டாம்.) நான்கு வாரம் ஒரு மாதம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அறை வாடகை மாதம் 600 பவுண் என்றால், 12ஆல் பெருக்க 7,200. அதை 52ஆல் வகுத்தால் ஒரு வாரத்துக்கு 138 பவுண் 46 பென்ஸ். ஐந்து வாரத்துக்கு 692 பவுண் 30 பென்ஸ். "ரெண்டு மாச டெபாசிட், 1,200" என்று யாராவது சொன்னால், 500 பவுணுக்கு மேல் கூடக் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

முன்பணம் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதைக் கொடுத்தால், வேறு தேதி எழுதிக்கொள்ளாவிட்டால், 15 நாளுக்குள் ஒப்பந்தத்தை எழுதி முடிக்க வேண்டும். அவர்கள் பின்வாங்கினால் ஏழு நாளுக்குள் காசு திரும்ப வேண்டும். ஆனால் நீங்கள் மனம் மாறினாலோ, பொய்த் தகவல் கொடுத்தாலோ அந்தக் காசு போய்விடலாம். நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் இருக்கும், சான்றிதழில் இனிஷல் மட்டும் இருக்கும், பேஸ்புக்கில் இன்னொன்று. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். சம்பளத்தையும் கூட்டிச் சொல்லாதீர்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். 2021இல் ஒரு ஏஜென்சி "விசாரணைக் கட்டணம்" என்று 180 பவுண் கேட்டது. வேலை தொடங்கி முதல் சம்பளம்கூட வரவில்லை. கொட்டகலையிலிருந்து அம்மா சீட்டுக் காசை அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து, கூட வேலை செய்த ஒரு குஜராத்தி அக்கா சொல்லித்தான் அது தப்பு என்று தெரிந்தது. கோபமாக ஒன்றும் எழுதவில்லை. நான்கு வரி ஈமெயில்: இன்ன தேதியில் இவ்வளவு கொடுத்தேன், ரசீது இணைத்திருக்கிறேன், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இது தடை, 14 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். ஒன்பதாம் நாள் காசு வந்தது. ரசீதை நான் எறியாமல் வைத்திருந்தது பெரிய காரியம்.

தரமாட்டேன் என்றால் அந்த ஊர்க் கவுன்சிலில் வியாபார ஒழுங்கைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்கு எழுதுங்கள். சட்டம் வந்தபோது வைத்த தண்டம் முதல் தடவை 5,000 பவுண் வரை. ஐந்து வருடத்துக்குள் மறுபடி செய்தால் 30,000 வரை. சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் என்ற உதவி அமைப்புகள் இரண்டும் இலவசமாக வழி சொல்லும். புகார் செய்தால் விசாவுக்குப் பிரச்சினை வரும் என்று பயங்காட்டுவார்கள். நம்பாதீர்கள்.

இனிச் சொல்லச் சங்கடமான விஷயம். காசு கேட்பவர் பல நேரம் நம்மவர்தான். நாலு அறை வீட்டை மொத்தமாக எடுத்து, அறை அறையாகக் கொடுக்கும் அண்ணா இருப்பார். அறையைக் கொடுப்பவர் அவர் என்பதால் உங்களுக்கு வீட்டுக்காரரும் அவரே. சட்டம் அவரையும் கட்டும். அவரும் அதே வீட்டில் குடியிருந்தால் ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டுக்காரர் கூடக் குடியிருக்காவிட்டால் டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட வேண்டும். இப்படிக் கூட இருப்பவரிடம் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் அண்ணா என்றாலும் பரவாயில்லை, காசை பேங்க் வழியாகக் கொடுங்கள், "டெபாசிட்" என்று குறிப்பு எழுதுங்கள்.

வீட்டுக்காரரோடு தொடர்பே இல்லாமல், உங்களுக்காக மட்டும் தேடிக் கொடுக்க நீங்களே ஒருவரை அமர்த்தினால், அவருக்குக் கூலி கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அதனால்தான் யாருடைய ஆள் என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். டிக்கோயா அக்காவின் மகன் வாட்ஸ்அப்பில் கேட்டான். "ஓனர் என்னிடம்தான் சாவி தந்திருக்கிறார், வாடகையும் நான்தான் வாங்கிக் கொடுப்பேன்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அப்படியே படம் எடுத்து வைக்கச் சொன்னேன். சட்டத்தின் பெயரை எழுதித் தம்பி திருப்பி அனுப்பினான். அப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை. அக்கா தோட்டைக் காதில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

வேல்ஸில் இதே போன்ற தடை 2019 செப்டம்பர் 1 முதல் இருக்கிறது. ஸ்கொட்லாந்திலும் வாங்கக் கூடாது. ஆனால் அங்கே டெபாசிட் இரண்டு மாத வாடகை வரை போகலாம், கணக்கை மாற்றிப் போடுங்கள்.

இங்கிருந்தே, பார்க்காத வீட்டுக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். முதல் இரண்டு வாரம் பல்கலைக்கழக விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்க ஏற்பாடு செய்துகொண்டு, போய் நேரில் கதவைத் திறந்து பார்த்த பிறகு பேசுங்கள்.