பொள்ளாச்சி டு வால்பாறை: 40 கொண்டை ஊசி வளைவையும் பதட்டமில்லாம ஓட்டுறது எப்படி

பொள்ளாச்சில இருந்து வால்பாறை 64 கிலோமீட்டர் தாங்க, ஆனா மேப்ப பாத்து ஒன்றரை மணி நேரத்துல போயிரலாம்னு கணக்கு போடாதீங்க, நிதானமா போனா ரெண்டரை மணி நேரம் ஆகும். முதல்ல இ-பாஸ் எடுத்துருங்க, ஹைகோர்ட் உத்தரவால 2025 நவம்பர்ல இருந்து வெளியூர் வண்டிக்கு கட்டாயம். டேங்க பொள்ளாச்சிலயே ஃபுல் பண்ணிட்டு, டயர்ல காத்து, பிரேக் ரெண்டையும் பாத்துக்கோங்க. விடிஞ்சதும் கிளம்புறது நல்லது.

ஆழியார் வரைக்கும் நேர் ரோடு, தென்னந்தோப்பு, ஒரு கஷ்டமும் இல்ல. அணைய தாண்டி செக்போஸ்ட், அப்புறம் குரங்கு அருவி, மழைக்காலத்துல தண்ணி ஜாஸ்தியானா குளிக்க விடமாட்டாங்க. அதுக்கப்புறம் தான் மலை ஏற ஆரம்பிக்கும். ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போர்டு இருக்கும், அதனால எத்தனாவதுல இருக்கோம்னு குழப்பமே வராது.

வளைவுக்குள்ள நுழைஞ்சப்புறம் கியர் மாத்தாதீங்க, இது தான் புதுசா ஓட்டுறவங்க எல்லாரும் பண்ற தப்பு, பாதி திருப்பத்துல வண்டி திணறி ஆஃப் ஆயிரும் பின்னாடி பஸ் நிக்கும் கை நடுங்கும். வளைவுக்கு முன்னாடியே ரெண்டாவது கியர், ரொம்ப செங்குத்தா இருந்தா முதல் கியர், ஹாரன் அடிச்சுட்டு மேல பாருங்க. பஸ் திரும்புறதுக்கு முழு ரோடும் வேணும், அதனால அது வர்றது தெரிஞ்சா வளைவுக்கு முன்னாடியே ஓரமா நின்னுருங்க. நீங்க இறங்கும்போது ஏறி வர்ற வண்டிக்கு தான் முதல் வழி.

9வது வளைவு லோம்ஸ் வியூ பாயிண்ட்ல கட்டாயம் நிறுத்துங்க, கீழ ஆழியார் தண்ணி மொத்தமும் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தா பாறை மேல வரையாடு நிக்கும். கிட்ட போய் போட்டோ எடுக்காதீங்க, தீனியும் போடாதீங்க, அது நம்ம மாநில விலங்கு, ரோட்டுல தீனி கிடைக்கும்னு பழகிட்டா வண்டில அடிபட்டு தான் சாகும்.

அட்டகட்டி தாண்டி மேல போக போக தேயிலை எஸ்டேட். கவர்கல் பக்கம் பனிமூட்டம் திடீர்னு மூடிரும், அப்ப ஹைபீம் போட்டா வெள்ளையா சுவர் மாதிரி தான் தெரியும், லோ பீம் போட்டு ஓரக்கோட்ட பாத்து ஊர்ந்து போங்க. வால்பாறைக்கு கொஞ்சம் முன்னாடி புதுத்தோட்டம், அங்க சிங்கவால் குரங்கு கூட்டம் ரோட்ட கடக்கும், அதுக்காக மரத்துக்கு மரம் பாலம் கூட கட்டி வெச்சிருக்காங்க, 20க்கு மேல போகாதீங்க. எஸ்டேட் பக்கம் கம்பத்துல சிவப்பு லைட் எரிஞ்சா கிட்டத்துல யானை இருக்குன்னு அர்த்தம், அலங்காரத்துக்குன்னு நினைச்சுறாதீங்க.

திரும்பி இறங்குறது தான் உண்மையான பரீட்சை. எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க, நியூட்ரல் வேண்டவே வேண்டாம், ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடு இல்லனா எல்-ல போடுங்க. நான் முதல் தடவை பிரேக்க மட்டும் நம்பி இறங்கி, பாதி வழியில கருகுன வாசனை வந்து பெடல் உள்ள போக ஆரம்பிச்சுருச்சு, குடும்பமே வண்டில, இன்னைக்கும் அந்த பயம் போகல. அப்படி வாசனை வந்தா ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்க, சக்கரத்துல தண்ணி மட்டும் ஊத்தாதீங்க.