"அப்பீலிலை பாப்பம்": சாட்சி விடயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வவுனியா நீதிமன்ற வாசலில் ஒரு கனிஷ்ட சட்டத்தரணி தன் கட்சிக்காரரின் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இப்ப அந்த ஆளைக் கூப்பிடத் தேவையில்லை அக்கா. தீர்ப்பு மாறி வந்தால் அப்பீலிலை பாப்பம்." பத்து வருடத்துக்கு முன் நானும் இதையே சொன்னவன்தான்.

14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனு போட வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுவோம்.

சாட்சியைப் பொத்தி வைப்பது

மாங்குளம் பக்கம் ஒரு கத்திக்குத்து. வவுனியா மேல் நீதிமன்றத்தில் கொலை முயற்சி வழக்கு. முதலில் கத்தியை எடுத்தது யார் என்பதைச் சந்திப் பெட்டிக்கடை அண்ணர் கண்ணால் கண்டிருந்தார். இடத்தைப் பார்க்கப் போன அன்று அவர் கடையில் பிளேன்ரீகூடக் குடித்தேன். ஆனால் வழக்குத்தொடுநர் தரப்பு சொதப்பிக்கொண்டிருந்தது. எதிரி தரப்பில், அதாவது குற்றஞ்சாட்டப்பட்ட என் கட்சிக்காரர் பக்கம், ஒருவரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றாமலே விடுதலை என்று கணக்குப் போட்டேன். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அண்ணரின் சத்தியக்கடதாசியை நீட்டினேன். நீதியரசர் கேட்டது ஒன்றே ஒன்று: விசாரணை நடந்தபோது இவர் எங்கே இருந்தார்? மாங்குளத்தில், கடையில். ஏ9 வீதியில் பஸ் ஏறினால் வவுனியா. பிளேன்ரீ கதையை நான் சொல்லவில்லை.

மேன்முறையீடு என்பது இரண்டாவது விசாரணை இல்லை. வழக்கேட்டில் இருப்பதை வைத்துத்தான் பார்ப்பார்கள். புதிய சாட்சியம் எடுக்க அதிகாரம் உண்டு. ஆனால் முயன்றிருந்தால் அன்றைக்கே கொண்டுவந்திருக்கலாம் என்ற சாட்சியை அநேகமாக ஏற்கமாட்டார்கள்.

சரி, மீள்விசாரணைக்கு அனுப்பினால்? அதற்குள் ஆள் இருக்க வேண்டுமே. 2009க்குப் பிறகு முகாம், மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம் என்று முகவரி மாறிக்கொண்டே வந்த சனம் இது. அப்புறம் மகன் கனடாவுக்குக் கூப்பிடுவான். அண்ணர் அப்படித்தான் போனார். கட்சிக்காரரின் தாய் இன்றைக்கும் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பார்.

"ஆள் வெளிநாடு" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவது

முன்பு சாட்சியமளித்தவர் இறந்துவிட்டால், அல்லது தேடியும் கிடைக்காவிட்டால், அந்தச் சாட்சியத்தை ஏற்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இடம் தருகிறது. எதிர்த்தரப்புக்குக் குறுக்கு விசாரணை செய்ய உரிமையும் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும். ஆள் இல்லை என்பதையும் நிரூபிக்க வேண்டும்; வாய்ப்பேச்சு போதாது. கிராம அலுவலரையும் குடிவரவு குடியகல்வுப் பதிவுகளையும் தேடிப் போங்கள். கூண்டிலேயே ஏறாதவருக்கு இந்தப் பிரிவும் உதவாது.

பழைய முகவரிக்கு அழைப்பாணை

வேண்டாம். சாட்சியின் தங்கச்சியின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வையுங்கள்.

சிறையில் இருப்பவரை மறப்பது

மேல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர் அந்த 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யும் விருப்பத்தையும் காரணங்களையும் ஜெயிலரிடம் சொன்னாலே போதும். மனு தயாரித்துத் தாக்கல் செய்வது ஜெயிலரின் கடமை.

பிணை

மேன்முறையீடு போட்டதும் தானாக வராது. சிறை வாசலில் உடுப்புப் பையோடு நிற்கும் மாமனாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.