பழைய அமெரிக்க லாங் ரைஃபிள் எந்த ஊரில் செய்தது? கண்டுபிடிக்கும் வழி

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர்கள், தங்கள் நாட்டின் குட்டையான யேகர் துப்பாக்கியின் குழலை நீட்டி, கட்டையை மெலிய வைத்தார்கள். சக்கிமுக்கிக் கல்லில் வெடிக்கும் லாங் ரைஃபிள் அப்படி வந்ததுதான். சீடன் குருவின் வடிவத்தையே பழகியதால் வட்டாரத்துக்கு ஒரு பாணி உண்டானது. நாம் தேடப்போவது அதைத்தான்.

எதற்கும் முன்னால், குழலுக்குள் வெடிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள். நூறு வருஷம் பழைய மருந்தும் வெடிக்கும். கெட்டிக்கும் கோலை வாய்வழியே மெதுவாக விட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே கோலைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். தீத்துளைக்கு, அதாவது குழலின் பின்முனையில் தீ உள்ளே போகும் சிறு துளைக்கு, வெகு முன்பே நின்றிருந்தால், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். தோளில் வைக்கும் பின்கட்டையின் கோடு பெரும்பாலும் நேராக இருந்தால் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டி (மாவட்டம்) பக்கம் தேடலாம். ரோமானிய மூக்கைப் போல வளைந்து இறங்கினால் அதே மாநிலத்தின் லீஹை அல்லது பெர்க்ஸ் கவுண்டி. எனக்கு இந்தக் கோடுதான் முதல் சாட்சி. அலங்காரத்தைப் பார்த்து நகல் எடுக்கலாம். பழகிய கை மரத்தை இழைக்கும் விதம் அவ்வளவு சுலபமாக மாறாது.

அப்புறம் பேட்ச்பாக்ஸ், அதாவது கட்டையில் பதித்த சிறு பெட்டியின் மூடி. பித்தளையில் டெய்சிப் பூத் தலை இருந்தால் லங்காஸ்டர் நினைவுக்கு வர வேண்டும். லாக், அதாவது கல்லை அடித்துத் தீப்பொறி உண்டாக்கும் பக்கவாட்டு விசை, மெலிந்து நீண்டிருந்தால் பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டைப் பாருங்கள். பித்தளைக்குப் பதில் இரும்பு, பெட்டிக்குப் பதில் கொழுப்பு வைக்க வெறும் குழி என்றால் தென்பக்க மலைப்பகுதி, டென்னசி மாதிரி இடங்கள். பின்கட்டை தடித்து, அதன் முனையில் தோளில் பொருந்தும் அடித்தகடு தட்டையாக இருந்தால் பொதுவாகப் பழையது. மெலிந்து பிறைபோல வளைந்திருந்தால் பிந்தையது.

பெயரைக் கடைசியில் படியுங்கள். குழலின் மேற்பட்டையில் இருப்பதுதான் பெரும்பாலும் செய்தவர் பெயர். லாக்கில் உள்ள பெயரை நம்ப வேண்டாம்: கெட்லாண்ட் போன்ற இங்கிலாந்து லாக்குகளை வாங்கிப் பொருத்துவது சாதாரணம். பெயர் கிடைத்தால் கவுண்டி வரிப்பட்டியல், உயில், தொழில் பழகும் ஒப்பந்தம் ஆகியவற்றில் தேடுங்கள். தென்பக்கக் கைவினைஞர்களுக்கு, வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் உள்ள மெஸ்டா (MESDA) அருங்காட்சியகத்தின் தரவுத்தளம் பெரிய உதவி.

கொல்லர்கள் ஊர் மாறினார்கள், பழைய குழல்கள் புதுக் கட்டை ஏறின. பெயர் ஒன்று சொல்லி, கட்டை வேறு சொன்னால், அதே கவுண்டியில் கையெழுத்தோடு கிடைத்த மற்ற துப்பாக்கிகளின் படங்களோடு வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.