பால் காய்ச்சும் நாளில் லொறியைக் கூப்பிடாதீர்கள்

இலங்கை மலையகத்தில் ஒரு குடும்பம் வீடு மாறுவதற்குக் காரணம் பல. தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு, 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிக் கொடுத்த 550 சதுர அடி வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ வாடகைக்கு வருவார்கள். ஆசிரியருக்கு மாற்றல் வரும். சிலரை மண்சரிவு அபாயம் என்று சொல்லி எழுப்பிவிடுவார்கள். காரணம் எதுவானாலும், வீட்டுக்குள் சண்டை மூளுகிற நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லா வேலையையும் ஒரே நாளுக்குள் அடைத்துவிட்டு, அந்த நாள் மதியம் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவது.

முதல் தவறு, பால் காய்ச்சுகிற நாளிலேயே சாமானையும் ஏற்றுவது. நல்ல நேரம் விடியற்காலையில்தான் அமையும். பூசாரி வருவார், சொந்தக்காரர்கள் வருவார்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். அதே காலையில் பழைய வீட்டில் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்கக் கோப்பை இருக்காது, அது எந்தப் பெட்டியில் என்று யாருக்கும் தெரியாது, லொறிக்காரர் "நேரமாகுது அண்ணே" என்று ஹோர்ன் அடிப்பார். பால் காய்ச்சுவதற்குச் சாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், புதுப்பானை, அரிசி, உப்பு, மஞ்சள் போதும். ஓர் ஓட்டோவில் அடங்கிவிடும். குடிபுகுந்த கணக்கு அதோடு முடிந்தது. சாமானை அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை ஆறுதலாகக் கொண்டு போகலாம். "பால் காய்ச்சின வீட்டை அன்னிக்கு ராத்திரி பூட்டி வைக்கக் கூடாது" என்று அம்மாயி சொல்வார். சரி, இரண்டு பேர் பாய் தலையணையோடு போய்ப் படுத்துக்கொண்டால் அவருக்கும் மனம் நிறையும்.

அடுத்தது, பஞ்சாங்கத்தைப் பார்ப்பவர்கள் வானத்தைப் பார்க்க மறப்பது. மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அந்த மாதங்களில் பதுளை, அப்புத்தளை பக்கம் வரண்ட காற்று வீசும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ் மழை பதுளை, அப்புத்தளை அடங்கிய ஊவாப் பக்கம் கொட்டும்போது, ஜனவரி பிறந்த பிறகு ஹட்டன் பக்கம் வெயிலும் பனியுமாக இருக்கும். தோட்டத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலைக்கு வாசம் ஏறுகிற மாதம் எதுவோ அதுதான் வீடு மாறவும் நல்ல மாதம். ஹட்டன், தலவாக்கலை அடங்கிய திம்புல பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. ஆகவே தை பிறந்ததும் போகலாம் என்ற திட்டம் கொட்டகலைக்குச் சரி, பசறைக்கு அவ்வளவு சரியில்லை. பசறைக்காரர்கள் ஆவணியில் ஒரு முகூர்த்தம் தேடலாம். ஒக்டோபர், நவம்பர் இரண்டு பக்கத்துக்கும் ஆகாது. காலையில் பளிச்சென்று இருந்துவிட்டு இரண்டு மணிக்கு மேல் இடி மழை பிடித்துக்கொள்ளும். வேறு வழியில்லை என்றால் மத்தியானத்துக்குள் கடைசிச் சாமானும் உள்ளே போய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டு, விடியும்போதே தொடங்க வேண்டும்.

வெயிலில் பார்த்த வீடு

வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நல்ல வெயில் நாளாகப் பார்த்துத்தான் போகிறார்கள். அப்போது எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். ஒரு முறையாவது மழை பெய்துகொண்டிருக்கும்போது போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பாதையில் ஓட்டோ ஏறுகிறதா, எந்தச் சுவர் ஊறிப்போய் இருக்கிறது என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தண்ணீர் விஷயம் இதற்கு நேர் எதிர். மழைக்காலத்தில் பீலியில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. "மாசி, பங்குனியில வருமா?" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை.

பார்க்க வேண்டிய இன்னொரு இடம் வீட்டின் பின்பக்கம். வீடு கட்ட இடம் போதாமல் மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டியிருப்பார்கள். தரையிலும் சுவரிலும் புதிதாக விட்ட வெடிப்பு, திடீரென்று இறுகிப்போன கதவு, சாய்ந்த மரம், முன்பு இல்லாத இடத்தில் கசியும் ஊற்று, கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர், இவையெல்லாம் மண் நகருவதற்கான அடையாளங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி நடந்த மண்சரிவும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் நடந்தவையும் நமக்கு வெறும் செய்தியல்ல. மண்சரிவு எச்சரிக்கை விடுகிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் எந்த இடம் அபாயம் என்று காட்டும் வரைபடங்கள் உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். இந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் போனில் போட்டு வையுங்கள். இதைப் பார்க்காமல் குடியேறினால், ஒவ்வொரு மழை ராத்திரியும் தூக்கமில்லாமல்தான் போகும். அந்த மனஉளைச்சலுக்கு முன்னால் சாமான் கட்டுகிற தலைவலி ஒன்றுமே இல்லை.

லொறி எதுவரை வரும்?

டவுனில் லொறி பேசும்போது "எஸ்டேட் ரோட்டுதான், ஆனா போகலாம்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வந்து பார்த்த டிரைவர், கோயில் முடக்கோடு நிறுத்திவிட்டு "இதுக்கு மேல ஏறாது" என்பார். மிச்சத் தூரம் படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும்தான். அங்கே தொடங்கும் கூலிப் பேரம், கோபம், மழைத் தூறல் எல்லாமே முன்கூட்டியே தவிர்க்கக் கூடியவை. பாதையைப் போனில் வீடியோ எடுத்து டிரைவருக்கு அனுப்புங்கள். பெரிய லொறி ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன பட்டா லொறி இரண்டு தடவை ஓடுவது பல இடங்களில் மலிவு. தலைச்சுமையாகப் போகும் தூரம் இருந்தால் பெட்டியை ஒருவர் தூக்குகிற அளவுக்குக் கட்டுங்கள். புத்தகத்தை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, தூக்க வந்த தம்பிமாரிடம் "கவனம், கவனம்" என்று கத்தி என்ன பயன்? தூக்க வருகிறவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் நேரத்துக்குப் போக வேண்டும். சாமான் உடைவதில் பாதி பசி மயக்கத்தில்தான்.

ஃபிரிஜ்ஜை நிமிர்த்தியே கொண்டுபோகப் பாருங்கள். வளைவுப் பாதையில் படுக்க வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இறக்கியதும் உடனே ப்ளக் போடாமல் சில மணி நேரம் நிமிர்த்தி விடுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், அது திரும்பி இறங்க வேண்டும். கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டர் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்திக் கட்டுங்கள். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

முக்கியமான பத்திரங்களையும் மருந்தையும் லொறியில் ஏற்றவே கூடாது. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள், வங்கிப் புத்தகம், பிள்ளையின் தடுப்பூசிப் பதிவு, அப்பாயியின் கிளினிக் கொப்பி, இரண்டு நாளைக்கான பிரஷர், சீனி வருத்த மாத்திரைகள். எல்லாம் ஒரு பொலித்தீன் பையில், அந்தப் பை வீட்டில் நிதானமான ஒருவர் தோளில். அன்றைக்கு ராத்திரிக்கு வேண்டிய கம்பளி, டோர்ச், சோப்பு, ஒரு கேத்தல், தேயிலை, சீனி இதெல்லாம் தனிப் பையில். புது விலாசத்தைச் சொல்லிவைக்க வேண்டிய இடங்களும் உண்டு. பழைய கிராம உத்தியோகத்தரிடமும் புதியவரிடமும் சொல்லி வாக்காளர் இடாப்பைச் சரிசெய்வதைப் பலர் தேர்தல் வரும்வரை தள்ளிப்போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் தரம் 1 அனுமதிக்கு இடாப்பில் எத்தனை வருடமாகப் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. படிக்கிற பிள்ளை என்றால் பழைய பள்ளிக்கூடத்தின் விடுகைப் பத்திரம் கையில் வந்த பிறகு நாள் குறியுங்கள்.

ஆட்களை மறந்துவிடுவது

லயத்து வாழ்க்கையில் குறை எத்தனையோ உண்டு. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் "என்ன மதினி, மேலுக்கு முடியலையா?" என்று குரல் வரும். தனி வீட்டுக்குப் போனதும் அது நின்றுவிடுகிறது. இளையவர்களுக்கு அது சுதந்திரம். பகலெல்லாம் வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கு அப்படியில்லை. "நல்ல வீடு கிடைச்சிருக்கு, இன்னும் என்ன குறை?" என்று அவர்களை அடக்குவதுதான் நான் பார்த்ததில் மோசமான தவறு. கொஞ்ச நாளைக்குப் பழைய லயத்துக்குப் போய்வர ஓட்டோக் காசு கொடுங்கள். பழைய வாசலில் இருந்த கறிவேப்பிலைக் கன்றையும் ரோஸ் செடியையும் அவர்களே பிடுங்கி வந்து, அவர்களே இடம் பார்த்து நடட்டும். பிள்ளைகளுக்கும் முதல் நாளே பள்ளிக்கூடப் பாதையை நடந்து காட்டுங்கள், பனிமூட்டத்தில் எந்தப் பக்கம் ஓரம் என்பது உட்பட.

குளிர் தாங்காமல் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிரையே எடுக்கும். ஓட்டை ஒடிசல் நிறைந்த லயத்தில் புகை எப்படியோ வெளியேறிவிட்டது. இறுக்கமாகக் கட்டிய புது வீட்டில் கார்பன் மொனொக்சைட் உள்ளேயே தங்கும். அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியாது. விறகடுப்பு வேண்டும் என்றால் வெளிக் குசினியில் போட்டுக்கொள்ளுங்கள்.

புதுச் சீமெந்துச் சுவர் காய மாதக்கணக்காகும், நம் குளிரில் இன்னும் கூட. அதனால் அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் தீபாவளிச் சேலையில் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் வரும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து விடுங்கள். எல்லாப் பெட்டியையும் முதல் வாரமே பிரித்துவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. குசினி, படுக்கை, பள்ளிக்கூடப் பை மூன்றும் ஒழுங்கானால் மிச்சம் மெதுவாக நடக்கட்டும். வாடகை வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள், சாவியைக் கொடுக்கும் முன் மின்மானி காட்டுகிற எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பில் வரும்போது பேசுவதற்கு அது ஒன்றுதான் கையில் இருக்கும்.